உன் அப்பாவின் தண்ணி மாத்திரை

தம்பி,

முதலில் ஹெல்மெட்டைக் கழற்று. நான் வாயைத் திறந்தாலே நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வது இந்தப் பிளாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வாசலில் நின்று நான் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன், நீ கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவாய், அதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிடும். இப்போது போனிலும் அதே வேலையைத்தான் செய்கிறாய். எடுப்பதில்லை. எடுத்தாலும் "ஜாம்ல இருக்கேன்மா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிங்கப்பூரிலேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டவனுக்கு எங்கிருந்துடா ஜாம் வந்தது? குரலைப் பதிவு பண்ணி அனுப்பலாம் என்றால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய். என் பேச்சே வேகம், அதை இன்னும் முடுக்கினால் எலி கத்துகிற மாதிரிதான் இருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது.

எனக்கு உன்னிடம் இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று, டாக்டர் சொன்ன இரண்டாவது பரிசோதனைக்கு நீ போக வேண்டும். இன்னொன்று, நான் உன்னைச் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எதை முதலில் எழுதுவது என்று தெரியாமல் காலையிலிருந்து உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். பாலை அடுப்பில் வைத்து மறந்து பொங்கவிட்டேன். துணியைக் காயப்போட்டு, மழை வருமென்று எடுத்து, வெயில் அடித்ததும் மறுபடி போட்டேன். நடுநடுவே எழுந்து போய் உன் அப்பாவின் காலைப் பார்க்கிறேன். அவர் காலை ஏன் பார்க்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ விழுந்து கிடந்தவன், நான் போன் வந்து ஓடினவள். என் பக்கத்திலிருந்து பார்த்தது உனக்குத் தெரியாது. அதற்கு முந்தின நாள் உனக்கு வயிற்றுப்போக்கு. "நாளைக்கு எம்சி லீவு போட்டுட்டுப் படுடா" என்று கெஞ்சினேன். "எம்சி போட்டா கிரேன்ல வேற ஆள ஏத்திடுவாங்கம்மா" என்றாய். விடியும் முன்பே கிளம்பினாய். கோப்பியைத் தொடவில்லை. ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் முட்டி மோதிக்கொண்டு நிற்கும்போது ஒன்றுக்கு வந்தால் எங்கே போவது என்பது உனக்கு வருஷக்கணக்கான கவலை. அந்தப் பயத்தில் வேலைநாட்களில் காலையில் நீ தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. இமிகிரேஷன் வரிசையில் நின்றவனுக்கு இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்து, மோட்டாரோடு சாய்ந்திருக்கிறாய். பின்னால் நின்றவர்கள் தூக்கி ஓரமாகக் கிடத்தினார்களாம். ஒரு மலாய்க்காரப் பையன் தன் ரெயின்கோட்டை மடித்து உன் தலைக்கு வைத்தானாம். அவன் யாரென்று தெரிந்தால் அவனுக்கு ஒரு டின் முறுக்கு சுட்டுக் கொடுப்பேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பெண்ணை நினைவிருக்கிறதா? தலையைச் சுற்றி இளநீலத்தில் துடோங் கட்டியிருந்தாள். உன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மலாயில் என்னைக் கேட்டாள், "ஆன்ட்டி, உங்க மகன் ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?" நான் பெருமையாகச் சொன்னேன், "இல்ல டாக்டர். தலவலிக்குக்கூட ஒரு மாத்திர போட மாட்டான்." அவள் மறுபடி அதைப் பார்த்தாள். உன் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, அது கிட்னி கழித்துவிட வேண்டிய கழிவு, கழிக்காமல் தங்கியிருக்கிறது என்றாள். பொட்டாசியம் ரொம்ப இறங்கிவிட்டது, அதனால்தான் கால் இழுத்தது என்றாள். "வயித்துப்போக்குனால மட்டும் இவ்வளவு இறங்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. உபாட் கெஞ்சிங் ஏதாவது எடுத்தாரா? ஒன்னுக்கு நெறய போக வைக்கிற மாத்திர?" என்றாள். "அது இவங்க அப்பாவுக்குத்தான் குடுக்குறாங்க டாக்டர். அவருக்கு ஹார்ட்டு வீக்கு" என்று சொல்லிக்கொண்டே உன் பக்கம் திரும்பினேன். நீ டிரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாய். பெற்றவளுக்கு அந்த முகம் போதாதா?

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனி மெடிக்கல் செக்கப் உண்டு, அதில் உனக்குப் பிரஷர் அதிகம் என்று வந்தது, மறுபடி ஒரு தடவை வரச் சொன்னார்கள். பாலத்து வரிசையில் உன்னோடு நிற்கும் கூட்டாளி எவனோ யோசனை சொன்னான்: "ரெண்டு நாள் முன்னால தண்ணி மாத்திர போடு ப்ரோ, உப்பக் கொற, பாஸ் ஆயிடும்." தண்ணி மாத்திரைக்கு நீ எங்கே போவாய்? நம் வீட்டு மேசைமேல்தான் அப்பாவின் பாக்கெட் இருக்கிறதே. போட்டாய், பாஸ் ஆனாய். அதோடு விட்டாயா? தலை கனத்தால் ஒன்று, கழுத்து வலித்தால் ஒன்று என்று பிரஷருக்கு நீயே டாக்டர் ஆகிவிட்டாய். வேலை முடிந்து வந்ததும் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடந்திருக்கிறாய். நான் என்னவோ கல்யாண மாப்பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். இது போதாதென்று முதுகு வலிக்கு வேறு மாத்திரை. அந்தப் பட்டையை மோட்டார் பெட்டிக்குள் ரெயின்கோட்டோடு சுருட்டி வைத்திருந்தாய்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "ஒவ்வொன்னும் தனித்தனியா வந்திருந்தா ஒருவேள உங்க கிட்னி சமாளிச்சிருக்கும். எல்லாம் ஒன்னா வந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள். பிறகு எனக்கு விளக்கினாள். நான் அதை என் பாஷையில் புரிந்துகொண்டது இப்படி. நம் பிளாட்டில் தண்ணீர் பிரஷர் குறையும்போது வாஷிங் மெஷின் என்ன செய்கிறது? துணி உள்ளே கிடக்கும், மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது, ஆனால் தண்ணீர் வராமல் முனகிக்கொண்டு நிற்கும். கிட்னிக்கும் ரத்தம் நல்ல வேகத்தோடு வந்தால்தான் அலச முடியும். தண்ணி மாத்திரை உடம்பிலிருக்கும் உப்பையும் நீரையும் கிட்னி வழியாக வெளியே தள்ளுகிறது. உன் அப்பாவுக்கு இதயம் பலமாக அடிக்காததால் நீர் காலிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. அதை வெளியேற்றினால்தான் அவருக்கு மூச்சு. உன் உடம்பில் எங்கேடா தேங்கியது? வயிற்றுப்போக்கில் போனது போக, குடிக்காமல் விட்டது போக, மிச்சம் இருந்ததையும் மாத்திரை போட்டு இறக்கிவிட்டாய். தொட்டி காலி. அந்த நேரம் பார்த்து வலி மாத்திரை. அது கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுமாம். நீர் நிறைந்த உடம்பில் அது அவ்வளவாகத் தெரியாதாம். காய்ந்த உடம்பில் காலித் தொட்டியின் குழாயையும் திருகி மூடின மாதிரி. சில பிரஷர் மாத்திரைகளும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகுமாம். அதற்காகத்தான் உன் அப்பாவுக்கு மாத்திரையை மாற்றும்போதெல்லாம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், மூட்டு வலிக்கு மாத்திரை கேட்டால் தைலம் கொடுத்து அனுப்புகிறார்கள். நான் இத்தனை நாளும் கவர்ன்மெண்ட் கிளினிக்கில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போனதும் அந்தத் தண்ணி மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிடுகிறேன் என்றேன். டாக்டர் பதறிவிட்டாள். "ஆன்ட்டி, ஜாங்ஙான், வேணாம்! அது இல்லன்னா அங்கிளுக்கு மூச்சு அடைச்சிடும். மருந்து கெட்டது இல்ல. யாருக்கு, எவ்வளவு, எதோட சேத்துன்னு பாக்காமப் போட்டதுதான் தப்பு" என்றாள். உன்னிடம் கடைசியாக ஒன்று சொன்னாள், அதை நீ கேட்டாயா, இல்லை அங்கேயும் மனசுக்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாயா, தெரியவில்லை. இந்தக் கிரியேட்டினின் ஏற்றம் மாத்திரையாலும் தண்ணீர் இல்லாததாலும் வந்தது என்றால், எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு தானாக இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு விஷயம். இந்த வயதில் பிரஷர் ஏன் வந்தது என்றே பார்க்க வேண்டும், கிட்னியில் முன்பே ஏதாவது இருந்து அதுதான் பிரஷரை ஏற்றுகிறதோ என்னவோ. "ரெண்டு வாரம் கழிச்சு உங்க கிளினிக்குக்குப் போங்க. ரத்தமும் ஒன்னுக்கும் பாத்தாத்தான் எது எதுன்னு சொல்ல முடியும்" என்றாள். அந்த இரண்டு வாரம் எப்போதோ போய்விட்டது, தம்பி. எது எது என்று தெரியாமல் நான் இங்கே நடந்துகொண்டிருக்கிறேன்.

தண்ணீர் குடிக்காமல் வெளியே போகும் புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். செனாய் ஃபேக்டரியில் லைனில் உட்கார்ந்திருந்த காலத்தில், பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், நம் இடத்தில் உட்கார வேறு ஆள் வர வேண்டும், அதுவரை லீடர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து நாங்கள் எல்லாரும் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம். அதில் ஒரு பெருமை வேறு. யார் அதிக நேரம் எழுந்திருக்காமல் இருக்கிறாள் என்று போட்டி. நீ பள்ளிக்கூடம் போகும்போதும், அங்கே பாத்ரூம் நாறும், தண்ணி குடிக்காமல் போ என்று நானே சொல்லி அனுப்பினேன். என் மகன் சமர்த்து, சொன்னால் கேட்பான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் பேச்சில் நீ உருப்படியாகக் கேட்டது இது ஒன்றுதான் போலிருக்கிறது.

இனி அந்த வார்த்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நீ கட்டிலில் படுத்திருந்தாய். நான் கஞ்சியோடு வந்தேன். கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "நெஞ்சு நோவுல இருக்கிற அப்பன் மாத்திரயத் திருடித் தின்னியேடா, திருட்டுப் பயலே" என்றேன். நீ போர்வையைத் தள்ளினாய். எழுந்து நாலு துணியைப் பையில் திணித்தாய். வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாய். உன் அப்பா ஹாலில் டிவி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி, டிவியைப் போடாமலே உட்கார்ந்திருந்தார். நீ அவரைத் தாண்டிப் போனாய். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது, நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன்.

அவ்வளவு கோபம் எனக்கு ஏன் வந்தது என்று கேள். சில மாதங்களாகவே உன் அப்பாவின் மாத்திரை மாதம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். அவர் கால் வீங்கிக்கொண்டே வந்தது. நான் யாரைச் சந்தேகப்பட்டேன்? அவரைத்தான். கோயிலுக்குப் போகிற அன்றெல்லாம் பாதி பூஜையில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது என்று அவருக்கு அந்த மாத்திரைமேல் எப்போதும் ஒரு கடுப்பு. "சிங்க்ல போட்டுத் தண்ணியத் தெறந்து விடுறீங்களா?" என்று கேட்டுக் கேட்டுக் குடைந்தேன். "இல்ல" என்பார், அதற்குமேல் பேச மாட்டார். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் கவுண்டரில் போய், "ஹிலாங்" என்றார், தொலைந்துவிட்டதாம். வாழ்நாளில் ஒரு குடையைத் தொலைக்காத மனுஷன்! கவுண்டரில் இருந்த பெண், பின்னால் இத்தனை பேர் நிற்கும்போது, சின்னப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டினாள். நானும் பக்கத்தில் நின்று அவளோடு சேர்ந்து திட்டினேன். வீக்கத்துக்கு உப்புதான் காரணம் என்று உப்பே போடாமல் ரசம் வைத்தேன். அதையும் முகம் சுளிக்காமல் குடித்தார். ஆக, ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்த்தபோது, ஒரு பாவமும் அறியாத மனுஷனை இத்தனை மாதம் வாட்டிவிட்டோமே என்று எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. அந்த எரிச்சலைத்தான் உன்மேல் கொட்டினேன்.

நீ போன பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே புலம்பினேன். பெற்ற பிள்ளை இப்படித் திருடுமா என்று. அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அவன் திருடல. நான்தான் வச்சேன்."

"என்னத்த வச்சீங்க?"

"பாக்கெட்ட. அவன் கையெட்டுற எடத்துல வச்சேன். மொத மாசமே கொறையிறது தெரிஞ்சிச்சு. கேட்டா வெக்கப்படுவான். அதான், நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டேன். அவனுக்கு மிச்சம் இருக்கட்டும்னு."

"பைத்தியமா உங்களுக்கு? உங்க மாத்திர அவனுக்கு எதுக்கு?"

"பிரஷருக்கா இருக்கும்னு நெனச்சேன். கிரேன் வேல கெடச்சிருக்குல்ல அவனுக்கு. எனக்குக் குடுக்குறது நல்ல மருந்துதானே. புள்ளைக்கு நல்லதுன்னுதான் விட்டேன்."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது கோபம்தான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரு பாக்கெட் மாத்திரையைப் பங்கு போட்டுத் தின்றிருக்கிறீர்கள், ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசாமல். வேண்டியது குறைந்து அவர் கால் வீங்கியது. வேண்டாதது சேர்ந்து உன் கிட்னி காய்ந்தது. "என்னப்பா, எனக்குப் பிரஷராம்" என்று நீ ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். "என்னடா, என் மாத்திரய எடுக்கிற?" என்று அவர் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பேச வேண்டியவர்கள் பேசாமல் இருந்ததால் நான் ஒருத்தி எல்லாருக்கும் சேர்த்துப் பேசிக் கெட்ட பெயர் வாங்குகிறேன். எது எப்படியோ, நீ எடுத்தது அவர் உனக்காக வைத்தது. நீ திருடன் இல்லை. அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், தம்பி. அதைச் சொன்ன வாயில் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது காலைப் பற்றிச் சொல்கிறேன். போன வாரம் கிளினிக்கிலிருந்து வீட்டு நம்பருக்குப் போன் வந்தது. உங்கள் மகன் பரிசோதனைக்கு வரவே இல்லையே என்று கேட்டார்கள். நான் பேசியதை உன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மாத்திரையை எடுத்து, கோப்பித் தட்டில் வைத்து, மேசையின் நடுவில் தள்ளிவிட்டார். "அவன் போயி ரத்தம் குடுக்கட்டும். அப்புறம் நான் போட்டுக்கிறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கெஞ்சினேன், கத்தினேன், கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியைப் போனில் பேச வைத்தேன். அவளிடம் "யா, யா" என்று தலையாட்டினார், போனை வைத்ததும் மாத்திரை அங்கேயேதான் இருந்தது. பொடித்துக் கோப்பியில் கலந்தும் பார்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு "சீனி பத்தல" என்று சொல்லி வாஷ்பேசினில் ஊற்றினார். அவர் கோப்பிக்கு நான் சீனி போட்டே எத்தனையோ வருஷமாகிறது. இவ்வளவு நாள் வாயே திறக்காமல் வாழ்ந்த மனுஷன் இந்த ஒரு விஷயத்தில் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் இனிமேல் யோசிக்க வேண்டியதில்லை.

அந்த மிஸ்ஸி எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். குழி விழுந்து உடனே நிரம்பினால் பரவாயில்லை, நின்றால் நீர் தேங்குகிறது. முந்தாநாள் குழி மெதுவாக நிரம்பியது. நேற்று நான் போய்ச் சட்டியை இறக்கிவிட்டு வரும்வரை அப்படியே இருந்தது. இன்று செருப்பு வார் அவர் காலில் ஏறவில்லை. இப்போதுகூட எழுந்து போய் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன். "என்ன, பலகாரத்துக்கு மாவு பதம் பாக்குறியா?" என்று கேலி பண்ணுகிறார். சிரிக்கும்போது இடையில் ஒரு மூச்சு விட்டுத்தான் சிரிக்கிறார். நாளைக் காலை வரைதான் நான் பொறுப்பேன். அதற்கு முன்னால் மூச்சு வாங்கினால் உனக்காகவும் காத்திருக்க மாட்டேன், அவர் கோபத்துக்கும் பயப்பட மாட்டேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவேன். ஆனால் அங்கேயும் அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குக் கை கால் ஓடவில்லை.

நீ ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியாதா? முடிவு மோசமாக வந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், கல்யாணம் நெருங்குகிறது, பெக்கோக்கில் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள், இதுதானே? வேலை போகாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், எனக்குத் தெரியாத விஷயம். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: பிரஷருக்கு உனக்கென்று பார்த்துக் கொடுக்கிற மருந்து இருக்கிறது, ஒழுங்காகப் போட்டுக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று பாலத்தில் இழுத்த கால், நீ மேலே உட்கார்ந்து இரும்பைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது இழுத்திருந்தால், கீழே நிற்கிறவன் கதி என்ன? அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அந்த மெடிக்கலை உன்னை வேலையிலிருந்து விரட்டவென்று வைத்தது போல நினைத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டாய். அது அவனுக்காகவும் வைத்தது.

ஷாமினி எனக்குப் போன் பண்ணினாள். கட்டிக்கொள்ளப் போகிறவள், அவளிடமும் "ஜாம்" என்றுதான் சொல்கிறாயாம். "ஆன்ட்டி, அவரு என்கிட்ட எதையோ மறைக்கிறாரு. வேற பொண்ணு யாராவதா?" என்று கேட்டு அழுதாள். வேற பொண்ணாக இருந்திருந்தால் நான் துடைப்பக்கட்டையோடு வந்து ஒரே நாளில் முடித்திருப்பேன். "அப்படியெல்லாம் இல்லம்மா, அவனே சொல்லுவான்" என்று சமாளித்தேன். நீயே சொல். என் மூலமாகத் தெரிய வேண்டாம். உன் அப்பாவும் நானும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, என் புருஷன் பாதி மருந்தில் நடமாடுவது எனக்கே தெரியாமல் இருந்தது. அப்படி ஒரு வீட்டை நீயும் கட்டாதே. அந்தப் பெண் மேசைமேல் எதை வைத்தாலும், நீ எதை எடுத்தாலும், இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு நான் தரும் புத்திமதி இது ஒன்றுதான், மற்றதை ஐயர் மந்திரத்தில் சொல்லிவிடுவார்.

உன் ரூமில் இருக்கும் பையன்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. தண்ணி மாத்திரை யோசனை சொன்னவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனும் உதவி என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பான். அவன் வீட்டிலும் யாராவது ஒரு அப்பா மாத்திரை தொலைந்துவிட்டது என்று கவுண்டரில் நின்று திட்டு வாங்குகிறாரா என்று கேட்டுப் பார்க்கச் சொல். முதுகு வலி மாத்திரையை மோட்டார் பெட்டியில் வைத்திருக்கிறவன் எவனாக இருந்தாலும், பிரஷரோ வயிற்றுப்போக்கோ இருந்தால், டாக்டரைக் கேட்காமல் அதை வாயில் போட வேண்டாம் என்று சொல். என்னைக் கிழவி என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

நாளைக் காலையில் எல்லாரும் சிங்கப்பூர் பக்கம் போவார்கள். நீ இந்தப் பக்கம் வா. அந்த நேரத்தில் இந்தப் பக்கம் ஜாம் இருக்காது, ஆகவே அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. கிளம்பும் முன் தண்ணீர் குடி, வழியில் ஒன்றுக்கு வந்தால் நிறுத்திப் போய்விட்டு வா, அதனால் ஒரு மானமும் போய்விடாது. வீட்டுக்கு வர வேண்டாம். நேரே நம் கிளினிக்குக்குப் போ. என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல், ஒன்றையும் விடாதே. கையில் ஊசி குத்தி எடுத்ததும், அந்தப் பஞ்சை அழுத்திக்கொண்டே வீட்டுக்குப் போன் அடி. முடிவு என்னவென்று வர நாளாகும், அது வரும்போது மூன்று பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். போனை நான் எடுக்க மாட்டேன். அப்பா கையில் கொடுத்து வைத்திருப்பேன். அவரிடம் நீ நிறையப் பேச வேண்டாம், உங்கள் இரண்டு பேருக்கும் அது வராது. "குடுத்துட்டேன்ப்பா" என்று மட்டும் சொல்.

மாத்திரை தட்டில் இருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

அம்மா